அம்மா அப்பாவான கதை: தமிழில் ஒரு மறையெழுத்து நிரல்

ரகசியம் பேச நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' சேர்த்துப் பேசும் 'க' பாஷை தெரியாதவர் நம்மில் குறைவு. 'நீ வா' என்பதை 'கநீ கவா' என்று வேகமாகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்குப் புரியவில்லை என்று நம்பிக்கொண்டிருப்போம். தாத்தாவும் அதே பாஷை பேசி வளர்ந்தவர்தான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவரும்.

'க' பாஷையில் எழுத்து எதுவும் மாறுவதில்லை. உபரியாக ஓர் எழுத்து நடுவில் நுழைகிறது, அவ்வளவுதான். ஓர் எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னோர் எழுத்தை உட்கார வைப்பது அதற்கு அடுத்த படி. இந்தக் கட்டுரையில் மறையெழுத்து என்று நான் சொல்வது அதைத்தான். இது புதிய விளையாட்டு இல்லை. வாத்ஸ்யாயனர் காமசூத்திரத்தில் அடுக்கும் 64 கலைகளில் 'ம்லேச்சித விகல்பம்' என்று ஒன்று வருகிறது. அதற்கு உரை எழுதிய யசோதரர், எந்த எழுத்தை எதனோடு மாற்றிக்கொள்வது என்று முறைகளையே தருகிறார். ஒரு முறைக்குக் கௌடில்யர் பெயர், இன்னொன்றுக்கு மூலதேவர் பெயர். ரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் தன் கடிதங்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக அதற்கு மூன்றாவதாக வரும் எழுத்தைப் போட்டார். இங்கிலீஷ் எழுத்தில் சொன்னால் 'ஏ' வர வேண்டிய இடத்தில் 'டி', 'பி' வர வேண்டிய இடத்தில் 'ஈ'.

கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்தச் சீசர் முறை ஒரு பால பாடம். புணேயில் தடுக்கி விழுந்தால் ஒரு கணினிக் கல்லூரி என்பதால் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இதை எழுதியிருப்பார்கள். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். இங்கிலீஷ் பெரிய 'ஏ'வுக்கு எண் 65, 'இசட்'டுக்கு 90. நடுவில் இடைவெளி கிடையாது. ஆகவே எண்ணோடு 3 கூட்டு, 90-ஐத் தாண்டினால் 26 கழி, கிடைத்த எண்ணை எழுத்தாக்கு. ஐந்தாறு வரியில் நிரல் முடிந்துவிடும். திருப்பிப் படிக்க வேண்டுமானால் கூட்டலைக் கழித்தலாக மாற்றினால் போதும்.

சரி, இதையே தமிழில் செய்யலாமே என்று ஆரம்பித்தால்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

காலி நாற்காலிகள்

உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் பட்டியலுக்கு யூனிக்கோடு என்று பெயர். தமிழில் ஒருங்குறி என்கிறோம். அதில் தமிழுக்கு ஒதுக்கியிருப்பது 2944 முதல் 3071 வரை. 'அ'வுக்கு 2949, 'க'வுக்கு 2965. இப்போது 'க'வோடு ஒன்று கூட்டிப் பாருங்கள். 2966 என்ற எண்ணில் எந்த எழுத்தும் இல்லை. திரையில் வெறும் கட்டம்தான் வரும். 2967, 2968-ம் அப்படியே. 2969-ல்தான் 'ங' உட்கார்ந்திருக்கிறது. 'ட'வுக்கு அடுத்து மூன்று இடம் காலி, 'த'வுக்கு அடுத்து மூன்று காலி, 'ப'வுக்கு அடுத்தும் மூன்று காலி. கல்யாணப் பந்தியில் வராத விருந்தாளிக்காகத் துண்டு போட்டு வைத்த நாற்காலி மாதிரி.

வராத விருந்தாளிகள் யார் என்று மராத்தி படிக்கும் எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். க-வர்க்கத்தில் நான்கு ககரமும் ஒரு ஙகரமும் உண்டு. தமிழில் முதல் ககரம் மட்டும்தான். மற்ற மூன்றுக்கும் இடம் விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஏன் அப்படி விட்டார்கள் என்ற கதையில் நம் ஊருக்குப் பங்கு இருக்கிறது. இந்திய எழுத்துகளைக் கணினியில் கொண்டுவரும் ஆராய்ச்சி 1980-களில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் நடந்தது. அதற்கு 'ஜிஸ்ட்' என்று பெயர். 1988-ல் புணேயில் சி-டாக் நிறுவனம் தொடங்கியபோது அந்த வேலை இங்கே வந்து சேர்ந்தது. சி-டாக் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 1991-ல் வந்த பரம் 8000 சூப்பர் கணினிதான். என்னைக் கேட்டால், கணேஷ்கிண்டில் பல்கலைக்கழக வளாகத்தில் அதே நாட்களில் சத்தமில்லாமல் நடந்த எழுத்து வேலைதான் சாதாரண ஜனங்களின் வாழ்க்கையை அதிகம் தொட்டது.

அந்த வேலையின் அடிப்படை யோசனை எளிமையானது. தமிழ், மராத்தி, தெலுங்கு, வங்காளி என்று எழுத்தின் உருவம் எப்படி மாறினாலும், பிராமியிலிருந்து வந்த நம் எழுத்துகளுக்கெல்லாம் வரிசை ஒன்றுதான்: முதலில் உயிர், பிறகு க-வர்க்கம், ச-வர்க்கம், ட, த, ப, அப்புறம் ய, ர, ல, வ. ஆகவே எல்லா மொழிக் ககரத்துக்கும் ஒரே எண் கொடுத்துவிடலாம். இந்தியத் தர நிறுவனம் 1991-ல் ஐ.எஸ். 13194 என்ற எண்ணில் வெளியிட்ட 'இஸ்கி' தரம் அதைத்தான் செய்தது. அதில் ககரத்தின் எண் 179. அதைத் தமிழாகக் காட்டுவதா, மராத்தியாகக் காட்டுவதா என்பது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். நமக்கு மட்டுமே சொந்தம் என்று நாம் பெருமைப்படும் ழகரத்துக்கும் அங்கே 211 என்று நிலையான இடம் உண்டு.

1991 அக்டோபரில் வந்த யூனிக்கோட்டின் முதல் பதிப்பு, 1988-ல் வந்த இஸ்கியின் முந்தைய வடிவத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டது. ஒரே எண்ணை எல்லா மொழிக்கும் கொடுக்காமல், ஒவ்வொரு மொழிக்கும் 128 இடம் கொண்ட தனித்தனி வீடு கட்டிக்கொடுத்தது. ஆனால் எல்லா வீட்டுக்கும் வரைபடம் ஒன்றே. தேவநாகரி வீட்டில் எந்த மூலையில் எந்த அறையோ, தமிழ் வீட்டிலும் அந்த மூலையில் அதே அறை. குடியிருக்க ஆள் இல்லாவிட்டால் அறை காலியாகக் கிடக்கும்.

எழுத்து என்றால் எது?

காலி நாற்காலியைக் கூடச் சமாளித்துவிடலாம். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆகமொத்தம் 247 என்று படித்தோம். கணினியிடம் 247 இல்லை. 12 உயிர், 1 ஆய்தம், அகரம் ஏறிய 18 எழுத்து, கால், கொம்பு போன்ற 11 உயிர்க்குறிகள், ஒரு புள்ளி: 43 எண்களை வைத்துக்கொண்டு அத்தனையையும் சேர்த்துக் காட்டுகிறது. 'கி' என்றால் அதற்கு இரண்டு எண்: 'க'வின் 2965, பக்கத்தில் இகரக் குறியின் 3007.

புள்ளி விஷயத்தைக் கவனியுங்கள். இலக்கணப்படி 'க்' என்பதுதான் அடிப்படை; அதோடு அகரம் சேர்ந்து 'க' பிறக்கிறது. கணினிக்கு 'க'தான் அடிப்படை; அதோடு 3021 என்ற புள்ளியைச் சேர்த்தால் 'க்' பிறக்கிறது. தொல்காப்பியர் கூட்டல் போட்ட இடத்தில் கணினி கழித்தல் போடுகிறது. இது தமிழுக்குப் பொருந்தாத ஏற்பாடு என்று வெகுகாலம் வாதம் நடந்தது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிக்கோட்டைத் தரமாக ஏற்றபோது, ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் 'டேஸ்-16' என்ற முறையையும் மாற்றாக அங்கீகரித்தது. நடைமுறையில் நம் கைபேசியில் ஓடுவது யூனிக்கோடுதான். ஆகவே நிரலும் அதற்குத்தான் எழுத வேண்டும்.

அம்மாவும் அப்பாவும்

எண்ணைக் கூட்டுகிற வேலை ஆகாது என்றால் என்ன செய்யலாம்? அட்டவணை போட்டுக்கொள்ளலாம். நம் நெடுங்கணக்கே அட்டவணையைத் தயாராக வைத்திருக்கிறது. க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன என்று சொல்லிப் பாருங்கள். பதினெட்டும் ஒன்பது ஜோடியாகப் பிரிந்து நிற்கும்:

க–ங, ச–ஞ, ட–ண, த–ந, ப–ம, ய–ர, ல–வ, ழ–ள, ற–ன

ஜோடியில் ஒன்று வந்தால் மற்றதைப் போட வேண்டும். உயிரெழுத்து, உயிர்க்குறி, புள்ளி எதையும் தொடக் கூடாது. இவ்வளவுதான் விதி. 'தமிழ்' என்பது 'நபிள்' ஆகும். 'கடிதம்' என்பது 'ஙணிநப்' ஆகும். 'அம்மா' என்று போட்டால் 'அப்பா' என்று வரும்! ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இதைக் காட்டினால், அதுவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த பையன்கூடத் திரும்பி உட்காருவான். 'மாலை' பாவையாகிறது, 'மணி' படியாகிறது, 'நாள்' தாழாகிறது. 'நாளை மாலை வா' என்றால் 'தாழை பாவை லா'.

ஜோடி முறையில் ஒரு சௌகரியம், மறைக்கவும் விடுவிக்கவும் ஒரே நிரல் போதும். 'அப்பா'வை மறுபடி உள்ளே அனுப்பினால் 'அம்மா' திரும்பி வருவாள்.

நிரல் எழுதும் பிள்ளைகள் வழக்கமாக ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். உரை முழுவதிலும் 'க'வை 'ங' ஆக்கு, பிறகு 'ங'வை 'க' ஆக்கு என்று இரண்டு கட்டளை கொடுப்பார்கள். முதல் கட்டளை முடிந்ததும் எல்லாம் 'ங' ஆகிவிடும். இரண்டாவது கட்டளை அத்தனையையும் 'க' ஆக்கிவிடும். ஒரு டம்ளரில் காப்பியும் இன்னொன்றில் டீயும் இருந்தால், ஒன்றை மற்றதில் ஊற்றி இடம் மாற்ற முடியுமா? மூன்றாவது டம்ளர் வேண்டும். நிரலில் அந்த மூன்றாவது டம்ளர், புதிதாகத் தொடங்கும் ஒரு வெற்று உரை. பழைய உரையை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படி. அட்டவணையில் இருந்தால் அதன் ஜோடியை, இல்லாவிட்டால் அதையே, புதிய உரையின் கடைசியில் ஒட்டு. பைத்தான் மொழியில் பத்து வரிக்குள் முடியும். அதில் 'டிக்ஷனரி' என்ற ஏற்பாடே இப்படிப்பட்ட அட்டவணைக்காக இருப்பதுதான். தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத 'எழில்' என்ற மொழியும் இருக்கிறது. விருப்பம் உள்ளவர்கள் அதிலும் எழுதிப் பார்க்கலாம்.

உயிரையும் மாற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டால் வேலை கூடும். குறிலுக்கு நெடில், நெடிலுக்குக் குறில் என்று வைத்துக்கொள்வோம். 'கா'வில் காலை எடுத்துவிட்டால் 'க' வந்துவிடும். 'க'வை 'கா' ஆக்க எதை எடுத்து எதை வைப்பது? அகரத்துக்குத்தான் குறியே இல்லையே! இல்லாத ஒன்றைக் கணினி கண்டுபிடிக்க வேண்டும். 'கொ'வுக்கு இன்னொரு தொல்லை. அதை 3018 என்று ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக 3014, 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு.

இதற்கெல்லாம் வழி, தொல்காப்பியரிடம் திரும்பிப் போவதுதான். நிரல் முதலில் உரையை உயிரும் மெய்யுமாகப் பிரித்துவிட வேண்டும். 'தமிழ்' என்பது த், அ, ம், இ, ழ் என்று ஐந்தாகும். இப்போது 30 எழுத்தையும் இஷ்டப்படி மாற்றலாம். மாற்றிய பிறகு மறுபடி கூட்டிக்கொள்ளலாம். ந், ஆ, ப், ஈ, ள் சேர்ந்து 'நாபீள்' ஆகும். இந்த இரண்டாவது முறையில் 'அம்மா'வைப் போட்டால் 'ஆப்ப' என்று வரும். கடைசியில் ஒரு 'ம்' மட்டும் இருந்திருந்தால் தேங்காய்ப்பால் எடுத்து வைத்திருக்கலாம்.

தொல்காப்பியர் துப்பறிகிறார்

இந்த ரகசியம் எவ்வளவு நாள் தாங்கும்? பதினெட்டு மெய்யை எத்தனை விதமாக இடம் மாற்றி அடுக்கலாம் என்று கணக்குப் போட்டால் 6,402 லட்சம் கோடிக்கு மேல் வருகிறது. நொடிக்கு ஓர் அட்டவணை என்று ஒருவர் சோதித்துப் பார்த்தால் 20 கோடி ஆண்டு ஆகும். கேட்க பயமாக இருக்கும். ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாக்தாதில் அல்-கிந்தி என்ற அறிஞர் இதை உடைக்கும் வழியை எழுதி வைத்துவிட்டார். ஒரு மொழியில் எந்த எழுத்து அடிக்கடி வரும் என்று எண்ணி வைத்துக்கொள், மறையுரையிலும் அடிக்கடி வருவது எது என்று பார், இரண்டையும் பொருத்து.

தமிழில் எண்ணக்கூட வேண்டாம். நம் இலக்கணமே காட்டிக்கொடுத்துவிடும். தமிழ்ச் சொல் ட, ண, ற, ன, ழ, ள-வில் தொடங்காது. ர, ல-வில் தொடங்கினால் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த சொல். வல்லின மெய் சொல்லின் கடைசியில் நிற்காது. ர, ழ இரட்டிக்காது. 'ங்' வந்தால் அடுத்தது பெரும்பாலும் 'க'தான். பள்ளியில் மொழி முதல், மொழி இறுதி, மெய்ம்மயக்கம் என்று நெட்டுருப் போட்டோமே, அது அத்தனையும் மறையெழுத்தை உடைக்கிறவனுக்குச் சாவிக்கொத்து.

'நபிள்ஞ் ஞக்ஙப்' என்று ஒரு சீட்டு கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் 'ப்'. வல்லின மெய் கடைசியில் வராதே. தமிழில் சொல் முடிவில் அதிகம் வருவது மகரம். ஆகவே 'ப' என்பது 'ம' ஆக இருக்கலாம். முதல் சொல்லின் கடைசி மெய்யும் இரண்டாம் சொல்லின் முதல் மெய்யும் ஒன்றாக இருக்கின்றன. இது சந்தி! சந்தியில் வந்து ஒட்டும் எழுத்து க, ச, த, ப நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். நடுவில் 'க்ங' என்ற கூட்டு, 'ங்க'வாக இருக்கலாம். மூன்று ஊகத்தையும் சேர்த்தால் இரண்டாம் சொல் '?ங்கம்' என்று நிற்கிறது. சங்கம் என்று சொல்ல நம் உறுப்பினர்களுக்கு அதிக நேரம் பிடிக்காது. 'ஞ' என்பது 'ச' என்று தெரிந்துவிட்டால் முதல் சொல் '?மி?ச்' என்று ஆகிறது. மீதி தானே வரும். வலி மிகும் இடம் பார்த்து ஒழுங்காகச் சந்தி போட்டு எழுதுகிறவர்களின் ரகசியம்தான் முதலில் வெளியே வரும் என்பது தமிழாசிரியர்களுக்குக் கொஞ்சம் வருத்தமான செய்தி.

ஆகவே வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை இப்படி எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டாம். இது விளையாட்டுக்கும் படிப்புக்கும்தான்.

வேண்டாமல் வந்த மறையெழுத்து

யாரும் மறைக்க நினைக்காமலேயே மறைந்துபோன தமிழும் நம் வீடுகளில் இருக்கிறது. யூனிக்கோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் ஒரு தந்திரம் செய்தது. இங்கிலீஷ் எழுத்தின் எண்ணை எடுத்துக்கொண்டு, அதன் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்து வைத்தது. ஈழத் தமிழரிடையே அதிகம் புழங்கிய 'பாமினி' எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் இங்கிலீஷ் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச் என்று தெரியும். இது அசல் மறையெழுத்து. எழுத்துருதான் அதன் சாவி. பழைய சிறப்பு மலர்களின் கோப்புகள், 1990-களில் அடித்த குடும்ப வரலாறு, கல்யாணப் பத்திரிகை என்று பலருடைய குறுந்தகட்டில் இப்படிப் பூட்டிய தமிழ் கிடக்கிறது.

திறக்கும் நிரல் மேலே சொன்னதேதான்: அட்டவணை, ஒவ்வொன்றாக மாற்று. இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். அந்த எழுத்துருக்களில் 'கு', 'கூ' போன்றவற்றுக்குத் தனித்தனி எண் உண்டு. ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டு எண் வைக்க வேண்டிவரும். 'கொ' என்பதைத் தட்டச்சில் அடிப்பது போல் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருப்பார்கள். யூனிக்கோட்டில் ககரம் முதலில் வந்தாக வேண்டும். ஆகையால் மூன்றெழுத்துக் கூட்டை முதலில் மாற்றி, பிறகு இரண்டெழுத்துக் கூட்டு, கடைசியில் தனியெழுத்து என்று போக வேண்டும். பிரபலமான எழுத்துருக்களுக்கு இப்படிப்பட்ட மாற்றிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அச்சகத்துக்காரர் தனக்கென்று செய்துகொண்ட எழுத்துருவாக இருந்தால் அட்டவணையை நாமே போட வேண்டும். அதற்கு அந்தக் கோப்பின் ஒரு பக்கமாவது அச்சில் கையில் இருந்தால் போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கண்டுபிடித்துவிடலாம். பழைய மலர் வைத்திருப்பவர்கள் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதிருக்க இதுவும் ஒரு காரணம்.

640

ஒரே வரைபடத்தில் கட்டிய வீடுகள் என்று சொன்னேன் அல்லவா? தேவநாகரிக் ககரத்தின் எண் 2325. தமிழ்க் ககரம் 2965. வித்தியாசம் 640. மராத்தி ளகரம் 2355, தமிழ் ளகரம் 2995. மறுபடி 640. அகரத்திலிருந்து புள்ளி வரை எதை எடுத்தாலும் 640தான். ஆய்தம் கூட அவர்களுடைய விசர்க்கத்தின் இடத்தில் போய் உட்காருகிறது. அதாவது தமிழ் எண்ணிலிருந்து 640-ஐக் கழித்தால் அதே சொல் தேவநாகரியில் நிற்கும். சீசர் மூன்று தள்ளினார், நாம் 640 தள்ளுகிறோம். தமிழுக்குள் தோற்றுப்போன சீசர் முறை, தமிழுக்கும் மராத்திக்கும் நடுவில் அழகாக வேலை செய்கிறது. நிரலுக்கு அட்டவணைகூட வேண்டாம்: எண் 2944-க்கும் 3071-க்கும் நடுவில் இருந்தால் 640 கழி, இல்லாவிட்டால் அப்படியே விடு.

இது யாருக்குப் பயன்படும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் தமிழ் பேசுவார்கள், பாட்டி சொல்வது புரியும், ஆனால் படிக்கத் தெரிந்தது மராத்தியும் இந்தியும் இங்கிலீஷும்தான் என்ற நிலையில் புணேயில் வளர்ந்த பிள்ளைகள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். கும்பகோணத்திலிருந்து பாட்டி வாட்ஸ்அப்பில் நாலு வரி தமிழில் அனுப்பினால், அம்மா ஆபீஸிலிருந்து வரும்வரை அது அவர்களுக்கு மறையெழுத்துதான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைப் படிப்பதைவிடத் தேவநாகரியில் படிப்பது நல்லது என்பது என் கட்சி. குறில் நெடில் குழப்பம் வராது. ளகரமும் ணகரமும் மராத்திப் பிள்ளைக்கு நாக்கிலேயே இருக்கின்றன.

தமிழுக்குள் காலி நாற்காலி இருப்பதைச் சென்னையில் இருக்கும் அறிஞர்கள் குறையாகச் சொன்னார்கள். சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலிகளை எடுத்துவிட்டு நெருக்கி உட்கார வைத்திருந்தால் இந்த 640 கிடைத்திருக்காது. வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்கு அந்தக் குறைதான் கைகொடுக்கிறது.

எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் ஒரே பகரம் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும், தேவநாகரியில் மாறாது. 'தம்பி' என்று காட்டினால் பிள்ளை 'தம்ப்பி' என்று அழுத்திப் படிக்கும். மராத்தியில் சொல்லின் கடைசி அகரத்தை விழுங்கிவிடுவது வழக்கம் என்பதால் 'அவங்க வந்தாங்க' என்பது 'அவங்க் வந்தாங்க்' ஆகும். மெல்லினத்துக்குப் பின் மென்மையாகச் சொல்லு, புள்ளி இல்லாவிட்டால் விழுங்காதே என்று இரண்டு விதி சொல்லிக்கொடுத்தால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். ஒலிக்கு ஏற்ப எழுத்தையே மாற்றிக் காட்டும்படியும் நிரல் எழுதலாம். எனக்கு அதில் இஷ்டமில்லை. தமிழ் எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே தெரிந்தால்தான், நாளைக்குத் தமிழிலேயே படிக்கத் தொடங்கும்போது உதவும்.

எதிர்த் திசையில், அதாவது மராத்தியோடு 640 கூட்டித் தமிழாக்கினால், காலி நாற்காலிகளில் போய் விழுவோம். 'கஸ்பா கணபதி' என்பதில் முதல் ககரம் வேறு, இரண்டாவது ககரம் வேறு. இரண்டாவதோடு 640 கூட்டினால் 2967, வெறும் கட்டம். நான்கு ககரத்தையும் நம் ஒரே ககரத்துக்கு அனுப்பினால் தமிழில் படிக்கலாம். ஆனால் அதை மறுபடி மராத்தியாக்கும்போது எந்தக் ககரம் என்று நிரலுக்குத் தெரியாது. கணபதியின் பெயரைத் தப்பாக எழுதிவிடும். ஒன்றுக்கு ஒன்று பொருந்தினால்தான் போனது திரும்பி வரும் என்ற கணக்குப் பாடத்தை இதைவிடச் சுலபமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைகள் றன்னகரம் போட்டுப் 'புனே' என்று எழுதுகின்றன. அதில் 640 கழித்தால், நகரத்துக்குக் கீழே புள்ளி வைத்த ஓர் எழுத்து வரும். மராத்திப் பிள்ளைகள் 'இது எங்க ஊரே இல்லை' என்று சண்டைக்கு வருவார்கள். அவர்கள் எழுதுவது டண்ணகரம். நான் இந்தக் கட்டுரை முழுக்க 'புணே' என்று எழுதியிருப்பது அதனால்தான். றகரத்துக்குக் கிடைப்பது, ரகரத்துக்குக் கீழே புள்ளி வைத்த எழுத்து. மராத்தியில் 'துஸர்யா' என்று எழுதும்போது கண்ணிமை மாதிரி வளைந்து வருகிறதே, அந்த ரகரத்தின் முழு வடிவம் அதுதான் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும். ழகரத்துக்கு ளகரத்தின் கீழ் ஒரு புள்ளி. மராத்தியிலோ இந்தியிலோ எந்தச் சொல்லிலும் அது வருவதில்லை. நம்மைப் போன்றவர்களுக்காக வைத்த இடம். 'வாழைப்பழம்' என்று பாட்டி எழுதியதைத் திரையில் பார்த்துவிட்டு, 'இந்தப் புள்ளி வச்ச எழுத்தை எப்படிச் சொல்றது?' என்று பிள்ளை கேட்கும். அதற்கு நாக்கை மடித்துக் காட்ட வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.